விழுந்துகொண்டே இருந்த சிங்காரவேலு

வில்லியனூர்க் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த அரங்கநாதன் சிரித்துப் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் டவுன் அச்சகம் ஒன்றுக்காக அவர் வரைந்த சிறுபிள்ளைப் படப் புத்தகங்களைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளையும் இல்லை. பானைக்குள் தலை மாட்டிக்கொண்ட மாமன், எருமை மேல் திரும்பி உட்கார்ந்த மாப்பிள்ளை என்று ஒரே விழுதலும் சேறுமாக இருக்கும். வரைந்ததை முதலில் தன் நாலு வயது மகள் அமுதத்திடம் காட்டுவார். அவள் சிரித்தால்தான் படம் அச்சுக்குப் போகும்.

எழுபத்து நாலாம் வருஷம் ஐப்பசியில், கடையில் எடை போட்டுக்கொண்டிருந்த சிங்காரவேலு மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். கருமாதிக்கு அரிசி, பருப்பெல்லாம் கடையிலிருந்தே போயிற்று. அதோடு கணக்கு முடிந்ததென்று அரங்கநாதன் நினைத்தார்.

முடியவில்லை. தையில் அவர் பூசணித் திருடன் ஒருவனை வரைந்தபோது, விசிறிக் காதும் ஒரு பக்கம் தூக்கிய புருவமுமாகச் சிங்காரவேலு வந்து நின்றான். அமுதம் விழுந்து விழுந்து சிரித்தாள். புத்தகமும் நன்றாகப் போயிற்று. அடுத்த புத்தகத்தில் ராஜாவை வரைந்தார். கிரீடத்துக்குக் கீழே அதே புருவம். கிழவியை வரைந்தார், யானையை வரைந்தார். யானைக்குக் காது பொருத்தமாகவே இருந்தது என்பதில் அவருக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. பகலிலேயே பென்சிலைத் தொடக் கை கூசியது. எடை சரியில்லை என்பதுபோல எல்லாரும் தாளிலிருந்து அவரைப் பார்த்தார்கள். கடையில் எடை போட்டவனே மளிகைக் கடைக்காரரை அப்படிப் பார்த்தால் தூக்கம் எங்கிருந்து வரும்?

படித்தவர் என்பதால் பேயை நம்பாதவர். ஆகவே ஊருக்குத் தெரியாமல் பாகூர் போய், பம்பை மேளம் அடித்துப் பேயோட்டும் சின்னப்பிள்ளையைப் பார்த்து, இதை ஓட்ட வேண்டும் என்றார். சின்னப்பிள்ளை புத்தகத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பேயின்னா ஓட்டலாம் மொதலாளி. இது வூட்டு ஆளு. போவ எடந்தெரியாம உங்க காயிதத்துல குந்திகினு இருக்குது. பொஞ்சாதி கூப்ட்டாத்தான் எழுந்திருக்கும்."

செத்தவன் அடுத்தவர் வீட்டில் தெரிந்தால் பேய், சொந்த வீட்டில் தெரிந்தால் சாமி. அந்தப் பக்கத்துச் சட்டம் அது. குளத்தங்கரையில் பம்பை அடித்து, பெயர் சொல்லி அழைத்து, கலசத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து படைக்க வேண்டும்.

ஆக, உன் புருஷனைப் பூசணிக்காயோடு சேற்றில் விழ வைத்திருக்கிறேன் என்று அவன் மனைவி கலியம்மாளிடம் போய்ச் சொல்லும்படி ஆயிற்று. அரங்கநாதன் துடைப்பத்துக்குத் தயாராகத்தான் போனார். அவர் நீட்டிய புத்தகத்தை அவள் ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்தாள். சிங்காரவேலுவுக்குப் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது.

"ஏன் மொதலாளி, எல்லாப் பக்கத்துலயும் வுழுந்துகினே இருக்காரு?"

பிள்ளைகள் சிரிக்கத்தான் என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை.

ஆடி வெள்ளியில் அழைத்தார்கள். கலசத்தின் மேலிருந்த பூ தானாகச் சரிந்தது. வந்துவிட்டான் என்றார் சின்னப்பிள்ளை. அன்றோடு அரங்கநாதனின் தாள் சுத்தமாயிற்று. ராஜா ராஜாவாகவும் யானை யானையாகவும் வந்தார்கள். அவருக்கு நல்ல தூக்கமும் வந்தது.

அமுதத்துக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மரியாதையாகப் புரட்டிவிட்டுப் புளியங்கொட்டை விளையாடப் போனாள். இரண்டு புத்தகங்களை அச்சகம் திருப்பி அனுப்பியது. காதைப் பெரிதாக்கிப் பார்த்தார். புருவத்தைத் தூக்கிப் பார்த்தார். அது வெறும் புருவமாகவே இருந்தது. முகத்தை மட்டும் வரையாமல் விட்டுவிட்டு, கதவைச் சாத்தாமல் காத்திருந்தும் பார்த்தார். யாரும் வரவில்லை.

கடைசியில் கலியம்மாள் வீட்டுக்கே போய் நின்றார். மாடத்தில் புத்தகத்திலிருந்து வெட்டிய ஒரு பக்கம் இருந்தது. திருடன் வடை தின்னும் பக்கம். புத்தகம் முழுவதிலும் அவன் உட்கார்ந்திருந்த ஒரே பக்கம் அது. நெற்றியில் குங்குமம், முன்னால் வாழையிலை.

எப்போதாவது, ஒரு புத்தகத்துக்கு மட்டும், என்று அரங்கநாதன் இழுத்தார்.

கலியம்மாள் இலையில் இன்னொரு வடை வைத்தாள்.

"இங்க நல்லா சாப்புடுறாரு மொதலாளி. அங்கல்லாம் அனுப்ப மாட்டேன். நீங்க திரும்பவும் வுழ வெப்பீங்க."