சாமி காலடியில் வைத்த எழுத்து

பிடிக்காத ஒன்றைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று என் வாய் ஏன் முந்திக்கொள்கிறது? இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பயமா, வளர்ப்பா, சோம்பலா? மூன்றையும் நினைத்துப் பார்த்துவிட்டேன். எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை.

என் கணவரின் அண்ணன் திருத்தணி பஜாரில் லுங்கிக் கடை வைத்திருக்கிறார். அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து சரக்கு வரும், மலைக்கு வருகிறவர்கள் வாங்கிப் போவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு, 2005இல், இன்டர்நெட்டில் கடை போடலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கும் நம்மூர் ஆட்களுக்கு நல்ல லுங்கி கிடைப்பதில்லை, பக்கத்தைப் பார்த்துவிட்டு போன் செய்தால் பார்சல் அனுப்பலாம் என்றார். நல்ல யோசனைதான். அதில் எனக்குக் கோபம் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், கல்யாணத்துக்கு முன்பு, மணவூரிலிருந்து தினமும் ரயிலேறி அரக்கோணத்தில் ஒரு டிடிபி சென்டருக்கு மூன்று வருடம் வேலைக்குப் போனவள் நான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கடை நோட்டீஸ் எல்லாம் அடித்திருக்கிறேன். அதனால் இந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் முடிவானது. என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். வெளியே வேலைக்குப் போக வழியில்லை. வீட்டில் இருந்தபடியே எனக்கென்று ஒரு வேலை கிடைக்கப் போகிறது. அது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. காட்டிக்கொண்டால் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயம்.

முதல் வேலை எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது. நான் மூன்று மாதிரிகளை எடுத்து வைத்திருந்தேன். பாவா அவற்றைப் பார்க்கக்கூட இல்லை. தன் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து கீபோர்டின் மேல் வைத்தார்.

"இந்த எழுத்துதாம்மா. கொடி மாதிரி எப்டி வளஞ்சி வளஞ்சி போவுது பாரு. எப்டி கீது?"

அந்த எழுத்தை எனக்குத் தெரியும். மாப்பிள்ளை, பெண் பெயர்களை மட்டும் அதில் போடுவோம். மண்டபத்தின் முகவரியைக்கூட அதில் அடிக்க மாட்டோம், யாரும் வந்து சேர மாட்டார்கள். லுங்கியின் நீளம், அகலம், சாயம், துவைக்கும் முறை எல்லாவற்றையும் அதில் போட்டால் யார் படிப்பார்கள்?

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு இருந்தது. அந்தப் பத்திரிகை எழுத்துருக்கள், அவை ஏற்றப்பட்ட கம்ப்யூட்டரில் மட்டும்தான் தமிழாகத் தெரியும். அரக்கோணத்தில் ஒரு வேலையை வேறு அச்சகத்துக்கு அனுப்பினால், அதே ஃபிளாப்பியில் எழுத்துருவையும் போட்டு அனுப்புவோம். மஸ்கட்டில் இருப்பவருக்கு எந்த ஃபிளாப்பியை அனுப்புவது? யூனிகோடு என்று அப்போது பரவத் தொடங்கியிருந்த முறையில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. பார்க்க மொட்டையாக இருக்கும். ஆனால் புதுக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலானவற்றில் தெரியும்.

இவ்வளவும் தெரிந்த நான் சொன்னது, "நல்லா இருக்கு பாவா."

பிறகு, "ஆனா மத்த கம்ப்யூட்டர்ல..." என்று ஆரம்பித்தேன். குழந்தை அழுதது. எழுந்து போய்விட்டேன். குழந்தையின் மேல் பழியைப் போடுவது சுலபம். தூங்க வைத்துவிட்டுத் திரும்பி வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் அச்சில் வரும் எதுவானாலும் முதல் பிரதி மலைக்குப் போகும். பத்திரிகை, பில் புத்தகம், காலண்டர் எல்லாவற்றுக்கும் அதுதான் வழக்கம். அந்த எழுத்திலேயே நான் அடித்து முடித்த கடைப் பக்கத்தையும் பாவா ஒரு தாளில் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். என் மாமியார் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார். முருகன் காலடியில் வைத்து எடுத்து வந்து பூஜை அறையில் மாட்டினார்கள். அதன் பிறகுதான் பக்கத்தை இன்டர்நெட்டில் ஏற்றினோம்.

மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மனசு கேட்கவில்லை. பக்கம் திறந்தது. லுங்கிப் படங்கள் வந்தன. எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்துகள், ஒவ்வொன்றின் தலையிலும் கொம்பும் புள்ளியும். ஒரு சொல்கூடத் தமிழில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். இந்த முறை முழுதாகச் சொன்னேன். பாவா என்னைக் கூட்டிப் போய் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டார்.

"இன்னா தெரியுது?"

"தமிழ்தான் பாவா."

"நல்லா தெரியுதா?"

"ஆங், இதுல தெரியுது. இதுல அந்த ஃபாண்ட்டு இருக்கறதால..."

"அப்புறம் இன்னா? அந்த சென்டர்காரன் ஓட்ட கம்ப்யூட்டர வெச்சிகினு கீறான். அதுக்கு சாமி காலடில வெச்ச எழுத்த மாத்த சொல்றியா?"

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமியை இழுத்துவிட்ட பிறகு நான் என்ன பேசுவது? என் கணவர் அங்கேதான் இருந்தார். செய்தித்தாளைத் திருப்பினார்.

நான்கு நாள் கழித்து துபாயிலிருந்து பாவாவின் மாமன் மகன் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"இன்னா மச்சான் இது? தமிழும் இல்ல, தெலுங்கும் இல்ல. நீ லுங்கி விக்கிறியா, மந்திரம் விக்கிறியா? இங்க ரூம்ல எல்லாரும் உழுந்து உழுந்து சிரிச்சிகினு கீறானுங்க."

போனை வைத்ததும் பாவா என் பக்கம் திரும்பினார். "நீ டிடிபி படிச்சவதானே? முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"ஊரெல்லாம் மருமவ கம்ப்யூட்டர்காரின்னு சொல்லி வெச்சனே," என்றார் மாமியார்.

நான்கு நாள் முன்பு சொன்னேன். அதே அறையில், அதே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். அந்த மூன்று பேருக்கும் அது காதிலேயே விழாதது போல இருந்தது. அதைவிட எரிச்சல், எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் நாளன்று, நான் தலையாட்டியது உண்மை என்பது. அந்த ஒன்றால் என் கோபத்தில் பாதியை விழுங்க வேண்டியிருந்தது.

இவ்வளவு ஆன பிறகும் எழுத்தை மாற்ற அவருக்கு மனசு வரவில்லை. சாமி குத்தமாகிவிடுமாம். படிக்க முடியாத கடை அப்படியே கிடந்தது. அடுத்த வாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி ஏறி மலைக்குப் போனேன். பாதி வழியில் மூச்சு வாங்கியது, கோபத்தில் உட்காரவும் தோன்றவில்லை. கூட்டம் குறைந்ததும் குருக்களிடம் கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "ஏம்மா, கல்யாணப் பத்திரிகைல தேதி தப்பா வந்துட்டா என்ன பண்றா? திரும்ப அடிச்சு எடுத்துண்டு வரா. முருகன் யாரையும் போன்னு சொன்னதில்லையே."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "குருக்கள் சொன்னாருன்னு சொல்லிக்கிறேன். யாரு போயி கேட்டதுன்னு எதுக்கு? நீன்னு தெரிஞ்சா அண்ணன் வீம்புக்கு மாத்த மாட்டாரு" என்றார்.

சரி என்றேன். கடை நடக்க வேண்டும், அது நடந்தால்தானே என் வேலை நிலைக்கும் என்று கணக்குப் போட்டேன். நான்கு மதியங்கள், குழந்தை தூங்கும் நேரத்தில், முப்பத்திரண்டு லுங்கிகளின் விவரத்தையும் யூனிகோடில் திரும்ப அடித்தேன். பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்தேன். தமிழ் தமிழாகத் தெரிந்தது. அந்த மாதமே மஸ்கட்டிலிருந்து ஒருவர் விவரத்தைப் படித்துப் படித்துக் கேட்டு ஆறு லுங்கி வாங்கினார்.

இப்போது கடைக்கு வருகிறவர்களிடம் பாவா சொல்வது இது: "எழுத்து சிம்பிளா இருக்கணும் சார். நானே குருக்கள்கிட்ட கேட்டு மாத்திட்டேன்." பக்கத்தில் நின்று என் கணவர் தலையாட்டுகிறார். அவரும் நம்பிவிட்டாரோ என்னவோ.

அதையும் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் பாவா, துண்டுக்கும் பெட்ஷீட்டுக்கும் புதுப் பக்கம் போடுவதாகச் சொன்னார். எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. அடுத்த வாக்கியத்தில், அந்த இரண்டு புதுப் பக்கங்களையும் சென்னையில் ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். "உனக்கு புள்ளைய பாக்கவே நேரம் சரியா கீது. எதுக்கு கஷ்டம்?"

முந்தாநாள் அதே பாவா ஐந்து தாள்களை என் கையில் கொடுத்தார். சென்னைக்காரர் அனுப்பிய ஐந்து எழுத்துருக்கள். "சும்மா ஒரு பார்வ பாத்து, எது எல்லார்க்கும் தெரியும்னு சொல்லும்மா. வெள்ளிக்கிழம அவனுக்கு சொல்லணும்."

பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தாளின் மேலே இருந்த பெயர்களே போதும், ஐந்தில் இரண்டுதான் யூனிகோடு, அவைதான் தேறும். இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேலை சென்னைக்காரருடையது, யோசனை பாவாவுடையது. சொல்லாமல் விட்டால் கடை மறுபடியும் சிரிப்பாகும், பழி என் தலையில் விழும். வேலையை என்னிடம் கொடுத்தால்தான் சொல்வேன் என்று நின்றால், ஒரே வீட்டில் மூன்று வேளையும் எதிரெதிரே சாப்பிட வேண்டியவர்கள் நாங்கள்.

கூட்டுக் குடும்பத்தில் இருந்துகொண்டு தன் வேலையைத் தன்னுடையது என்று கேட்டு வாங்கியவர்கள் இதைப் படிக்கிறவர்களில் யாராவது இருப்பீர்கள். எந்த இடத்தில், யாரை வைத்துக்கொண்டு, எந்த வார்த்தையில் கேட்டீர்கள்? எழுதுங்கள். பொறுமையாக இரு என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள்.