சீனி வருத்தத்துக்கு நல்ல செடி

எங்கள் ஊர் வைரவர் கோயிலின் பின்வீதியில், சுண்ணாம்புக்கல் வெளியே தெரிகிற ஒரு துண்டுத் தரையில் மட்டும் அந்தச் செடி முளைத்தது. விரல் நீளம்தான் இருக்கும். மாரி மழையோடு எழும்பி, மார்கழியில் ஊதா நிறத்தில் பூத்து, தை கடைசியில் விதை சிந்திவிட்டுச் செத்துப்போகும். அடுத்த மாரிக்கு அந்த விதைதான் கதி. தாவரவியல் படிப்பித்து ஓய்வுபெற்ற நான், கீரிமலையிலிருந்து தென்மராட்சி வரை தேடியும் வேறெங்கும் அதைக் காணவில்லை. ஊரார் அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. ஆடும் தின்னாத செடிக்கு எதற்குப் பெயர்?

சென்ற மார்கழியில் கோயில் தலைவர் பின்வீதிக்குக் கல் பதிக்க வெளிக்கிட்டார். கனடாவில் இருக்கும் ஒருவரின் உபயம். அவர் பொங்கலுக்கு வருகிறாராம். அவர் காலில் சேறு பட்டால் வைரவர் பொறுத்தாலும் தலைவர் பொறுக்கமாட்டார். நான் ஓடிப்போய், விதை விழும்வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டேன்.

“உது என்னத்துக்கு உதவும், ரீச்சர்?”

உலகத்திலேயே இங்கு மட்டும்தான் இருக்கலாம் என்றேன்.

“அது சரி. என்னத்துக்கு உதவும்?”

அவருக்குப் பின்னால் இரண்டு பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். பொய் தானாக வந்தது.

“சீனி வருத்தத்துக்கு நல்லது.”

தலைவரின் முகமே மாறிவிட்டது. வேலையை நிறுத்தி, செடிகளைச் சுற்றிக் கயிறும் கட்டுவித்தார். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யாழ்ப்பாணத்தில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு இல்லாத வீட்டைத் தேடுவது அந்தச் செடியைத் தேடுவதைவிடக் கஷ்டம் என்பது அப்போது ஏனோ நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் போனபோது கயிறு மட்டும் இருந்தது. சந்தைக்குக் கொண்டுபோகும் பைகளோடு சனம் வந்து வேரோடு பிடுங்கியிருந்தது. மண்வெட்டிகூட இவ்வளவு துப்புரவாக வேலை செய்திருக்காது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் சுகமாக இருக்கிறது, கெட்டது செடி. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது.

அன்று பின்னேரம் தலைவர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு போத்தல் பச்சைச் சாறு.

“எல்லாத்தையும் பிடுங்கிப்போட்டினம், ரீச்சர். மிஞ்சின பத்துச் செடியையும் பூவும் பிஞ்சுமாய் அரைச்சுக் கொண்டுவந்திருக்கிறன். சொல்லித் தந்த உங்களுக்கு இல்லாமலோ? குடியுங்கோ.”

வாங்கி மேசையில் வைத்தேன். நாளைக்கே கல் பதிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டவர், படலையடியில் நின்று திரும்பினார்.

“வீட்டிலையும் கொஞ்சம் வளர்ப்பம் எண்டு மனுசி சொல்லுறா. உதின்ரை விதை எங்கை எடுக்கலாம், ரீச்சர்?”