சப்பாத்தின் அடியிலும் மணி

1986ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். நானும் கணவரும் சுவிட்சர்லாந்தில், லாங்கன்தால் நகரத்து அகதி விடுதியில் இருந்தோம். எங்கள் தஞ்சக் கோரிக்கையை நிராகரித்துக் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மேன்முறையீடு செய்திருந்தோம். அதுவும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்துகொண்டிருந்த காலம் அது.

நிராகரித்ததற்குப் பாதிக் காரணம் நான்தான். முதல் விசாரணைக்குப் புறப்பட்டபோது, எங்களுக்கு ஒரு வருடம் முன்னால் வந்த அண்ணை ஒருவர் புத்தி சொல்லி அனுப்பினார்.

"பாவமாப் போ தங்கச்சி. நல்ல உடுப்புப் போட்டால் காசுக்கு வந்தவை எண்டு நினைப்பினம். கேக்கிறதுக்கெல்லாம் ஓம் எண்டு சொல்லு."

தமிழ் இளைஞர்கள் லெதர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்று அந்த நாட்களில் ஊரெல்லாம் ஒரே பேச்சு. யாரோ தானமாகக் கொடுத்த பழைய ஜாக்கெட்டுகள் அவை என்பது பேசுகிறவர்களுக்குத் தேவையில்லை. ஆகவே நான் பொட்டை அழித்துவிட்டு, முழங்கை கிழிந்த ஸ்வெட்டரோடு போய் உட்கார்ந்து, அதிகாரி கேட்டதற்கெல்லாம் மரியாதையாகத் தலையாட்டினேன். பெரியவர்கள் கேட்டால் இல்லை என்று எதிர்த்துச் சொல்லி நான் வளரவில்லை. கொழும்பில் நீங்கள் பாதுகாப்பாக இருக்கலாம்தானே என்றார். அதற்கும் ஓம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? கொழும்பில் வாழலாம் என்று நானே ஒப்புக்கொண்டதாக அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ஊர்த் தேவாலய மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. வட அமெரிக்கப் பூர்வகுடிப் பெண் ஒருத்தி, தங்கள் நிலத்துக்காக ஜெனீவாவில் ஐ.நா. அதிகாரிகளிடம் பேசப் போகிற வழியில், தன் மக்கள் கண்ணாடி மணிகளால் தைக்கிற மணிவேலையைக் காட்ட வந்திருந்தாள். தேநீர் கொடுக்கவும் கோப்பை கழுவவும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மண்டபம் நிறைந்துவிட்டது. எங்களைக் கண்டால் தெருவின் மறுபக்கம் மாறி நடக்கிற ஒரு அம்மா முன்வரிசையில் கண் கலங்க உட்கார்ந்திருந்தார். கடல் தாண்டி இருக்கிறவர்கள் படும் துன்பம் என்றால் சிலருக்கு அப்படி ஒரு உருக்கம். நீங்கள் கூடாரத்திலா வசிக்கிறீர்கள், இறகுத் தொப்பி எங்கே என்று அவளைக் கேட்டுத் துளைத்தார்கள்.

இடைவேளையில் அவள் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு ஒரு சிகரெட் பற்றவைத்தாள். என் வயதுதான் இருக்கும். கையில், தோள் முழுவதையும் மூடுகிற அகலமான ஒரு மணிப் பட்டி. ரயிலில் எதிலோ மாட்டி ஓரத்து நூல் அறுந்துவிட்டதாம். ஜெனீவாவில் அதைத்தான் போட வேண்டும். தைக்க உட்கார்ந்தவளின் தகர டப்பா கை தவறி விழுந்து, கடுகளவு கண்ணாடி மணிகள் தரையெல்லாம் ஓடின. இருவரும் முழங்காலில் நின்று பொறுக்கினோம். என் பள்ளிக்கூட ஆங்கிலம் அன்றைக்குக் கைகொடுத்தது.

பொறுக்கிக்கொண்டே, அண்ணையின் புத்தியை நான் அவளுக்குச் சொன்னேன். பெரிய அதிகாரிகளுக்கு முன்னால் இவ்வளவு அலங்காரம் வேண்டாம், எளிமையாகப் போனால் இரங்குவார்கள் என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவர்கள் இரங்கவா நான் போகிறேன்?"

பிறகு பைக்குள்ளிருந்து ஒரு குழந்தையின் தோல் சப்பாத்தை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினாள். அடிப்பாகம் முழுவதும் மணி. ஊசி குத்த இடமில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர் அவளுடைய மக்களைச் சிறு நிலத்துக்குள் அடைத்து, வேட்டையையும் சடங்கையும் தடுத்து, வெளியே போவதற்குக்கூட அனுமதிச் சீட்டு வாங்க வைத்தார்களாம். பட்டினிக் காலம். அந்தக் காலத்தில்தான் பெண்கள் இப்படி அடங்காமல் மணி தைத்தார்களாம். அந்த மணியும் வெள்ளைக்கார வியாபாரி கொண்டுவந்து விற்றதுதான். நடந்தால் உதிராதா என்று கேட்டேன்.

"உதிரட்டும். மறுபடி தைப்போம்."

நான் கழுவிவைத்த கோப்பை ஒன்றிலேயே சிகரெட்டை நசுக்கிவிட்டு, பட்டியை மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விட்டாள். எனக்கு அன்று முழுவதும் கோபம். அண்ணை மேல், அதிகாரி மேல், எல்லாரையும்விட என் மேல்.

தை மாதம் மறுபடி விசாரணைக்கு பேர்ன் நகருக்கு அழைத்தார்கள். பெட்டியின் அடியிலிருந்து என் கூறைச்சேலையை எடுத்தேன். கல்யாணத்துக்குக் கட்டிய சேலையை அலுவலகத்துக்குக் கட்டுகிறவர்கள் எங்களில் கிடையாது.

"உமக்கென்ன விசரோ? பனிக்குள்ள கூறையோ?" என்றார் கணவர்.

"ஓம், விசர்தான்" என்றேன்.

பெரிய பொட்டு, தாலிக்கொடி, சேலைக்குக் கீழே கம்பளிக் காலுறை. ரயிலில் எல்லோரும் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அகதிக்கு இவ்வளவு நல்ல சேலை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். மொழிபெயர்க்க வந்த தமிழருக்கு அதை என்னிடம் கேட்கவே கூச்சம்.

"என்ர கல்யாணச் சேலை. யாழ்ப்பாணத்தில ஷெல் விழுந்து வீடு எரியேக்க இதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினனான். எங்கட ஊரில நாங்கள் பிச்சை எடுத்துக்கொண்டு இருக்கேல்லை எண்டு அவருக்குச் சொல்லுங்கோ" என்றேன்.

பிறகு கொழும்புக் கேள்வி வந்தது. இல்லை என்றேன். எண்பத்து மூன்று கலவரத்தில் அங்கே சித்தப்பாவின் கடையை எரித்ததை, பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள் நாங்கள் ஒளிந்திருந்ததை, ஒன்றுவிடாமல் சொன்னேன். முதல் தடவை கால் மணி நேரத்தில் முடிந்த விசாரணை இந்தத் தடவை மதியம் தாண்டியும் நடந்தது. அதிகாரி தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லித் திருத்தவும் வைத்தேன்.

முதலில் தற்காலிகமாக இருக்க விட்டார்கள். சில வருடங்கள் கழித்து வதிவிட அனுமதியும் வந்தது. சேலையால் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். சேலை கட்டாமலே பலருக்கும் கிடைத்ததே. ஆனால் அன்றைக்கு அவர்கள் எழுதிக்கொண்டது என் கதையை. திருப்பி அனுப்பியிருந்தாலும் அந்தத் தாளில் உள்ளதை யாராலும் மாற்ற முடியாது.

அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை. ஆனால் கைகட்டி நின்றால்தான் நமக்கு ஏதும் கிடைக்கும் என்று யாராவது புத்தி சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வருகிறது. அவள் தந்துவிட்டுப் போன அந்தக் கோபத்தை இத்தனை வருடமாக நான் ஆறவிடவில்லை.