அடைக்கு வைத்த கை

கரையில் நண்டு வலை சிக்குப்பட்டுக் கிடக்கிறது. நாலு பேர் குந்தியிருந்து பிரிக்கிறார்கள். கிறிஸ்தோப்பர் மட்டும் கவிழ்த்த வள்ளத்தின்மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்திருக்கிறார். கயிறு சுருளும்போதெல்லாம் அவருடைய தோள் துள்ளுகிறது. கை வெளியே வருவதில்லை.

“அண்ணை, கையை அடைக்கு வைச்சிருக்கிறியளோ? எப்ப குஞ்சு பொரிக்கும்?” என்கிறான் சிக்கெடுப்பவர்களில் ஒருவனான றெக்ஷன்.

“உன்ர வேலையைப் பாரடா.”

ஊர்காவற்றுறையில் தன்னைப்போல் சிக்கெடுக்க ஆளில்லை என்பது இவருடைய சொந்த அபிப்பிராயம். யாரும் மறுப்பதில்லை, மறுத்தால் பின்னேரம் வரைக்கும் விளக்கம் கேட்க வேண்டும். ஒருமுறை பூசை நேரத்தில், முன் வாங்கில் இருந்த பெண்ணின் செபமாலை முறுகியிருப்பதைக் கண்டு கையை நீட்டிவிட்டார். பிறகு அவளுடைய புருசனுக்கும் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

மாசியில் இவருடைய நெஞ்சு தப்பித் தப்பி அடிக்கத் தொடங்கியது. கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில், தொடை நாளத்தால் மெல்லிய குழாயொன்றை இதயத்துக்குள் விட்டார்கள். உள்ளே தான் எங்கே, எப்படி வளைந்து நிற்கிறேன் என்பதை அந்தக் குழாயே உணர்ந்து சொல்லும். அது தொட்டுத் தொட்டுப் போகப் போக, இதயத்தின் அறை எல்லாப் பக்கத்தாலும் திருப்பிப் பார்க்கக்கூடிய படமாகத் திரையில் எழும்பும். ஆள் அசைந்தால் படம் இடம் மாறிவிடும்.

“கையைக் கட்டிவிடட்டோ ஐயா?” என்று தாதி கேட்டிருக்கிறார்.

“நான் என்ன சின்னப்பிள்ளையே?” என்றிருக்கிறார் இவர்.

பாதிப் படம் வந்துவிட்டது. அரை மயக்கத்தில் திரையைப் பார்த்தபடி கிடந்தார். டொக்டர் வேண்டுமென்றே குழாயின் நுனியைச் சுருட்ட, திரையில் பச்சைக் கயிறொன்று வளையம் போட்டது. அவ்வளவுதான். “சிக்குப்பட்டிட்டுது, தளர விடுங்கோ” என்று எழும்பி, தொடையில் நின்ற குழாயை வலது கையால் எட்டிப் பிடித்துவிட்டார்.

படம் குழம்பியது. இரத்தம் வந்தது. அன்றைய வேலை நின்றது. டொக்டர் ஏசவில்லை. தாதி அந்தக் கையைத் துடைத்து, பிள்ளையின் கையை வைப்பதுபோல நெஞ்சின்மேல் வைத்தார். கரையில் இந்தக் கதையைச் சொல்லும்போது, இந்த இடத்தில் மட்டும் கிறிஸ்தோப்பரின் குரல் இறங்கிவிடும்.

வீட்டுக்கு வந்து மனைவி ஜெயந்தாவிடம் சொன்னது வேறு: “மிசின் பழுதாப் போச்சு.”

ஜெயந்தா நம்பினார். நம்பியதோடு நின்றிருக்கலாம், பங்குச் சுவாமியிடமும் சொல்லிவிட்டார். ஞாயிறு மன்றாட்டில், நோயாளிகளுக்கும் மழைக்கும் நடுவில் அந்த மிசினுக்கும் ஓர் இடம் கிடைத்தது. கோயிலே அதன் சுகத்துக்காக மன்றாடியது. கிறிஸ்தோப்பரின் உதடும் அசைந்தது, சத்தம் வரவில்லை.

மற்றத் தவணை வருகிற செவ்வாய்க்கிழமை. அதையும் தவறவிட்டால் இனிக் கடலை மறக்க வேண்டியதுதான் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து கிறிஸ்தோப்பர் கையை அடக்கிப் பழகுகிறார். ஜெயந்தாவும் முடிவாகச் சொல்லிவிட்டார்: “பழுதான மிசினிட்ட உங்களைத் திரும்ப விட நான் என்ன விசரியே?”

நேற்றுப் பின்னேரம் மாதா சுருவத்துக்கு முன்னால் ஜெயந்தா மெழுகுதிரி கொளுத்தினார். கிறிஸ்தோப்பர் வாங்கில் வழக்கம்போலக் கைகளின்மேல் உட்கார்ந்திருந்தார்.

“இஞ்சாருங்கோ, மிசினில எது பழுதெண்டு அவையள் சொன்னவையோ? சொன்னால் அதைக் குறிச்சுக் கேக்கலாம்.”

“இஞ்சாரும்…” என்று தொடங்கினார். தொடைக்கு அடியிலிருந்து வலது கையை மெல்ல உருவி, பிரம்படிக்கு நீட்டும் பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல, மெழுகுதிரி வெளிச்சத்தில் ஜெயந்தாவுக்கு முன்னால் விரித்துப் பிடித்தார்.