எஸ்தரக்கா தூக்காத கை

செவ்வாய்க்கிழமை காலை கேளம்பாக்கத்தில், சபைக் குடும்பம் ஒன்றின் புது ஃப்ளாட்டில் ஜெபம் முடித்து இட்லிக்கு உட்கார்ந்திருந்தேன். செல்போனில் பாஸ்டரம்மா. "ஐயா தூங்கிட்டாரு தம்பி" என்றார். "தூங்கட்டும்மா, எழுந்ததும் பேசுறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் அழுத பிறகுதான் புரிந்தது. எத்தனை அடக்க ஆராதனையில் 'நித்திரையடைந்தார்' என்று நானே வாசித்திருக்கிறேன்! என் காதின் லட்சணம் இது.

புதுப்பட்டினம் சபையில் பாஸ்டர் தேவநேசன் ஐயாவை உங்களுக்கெல்லாம் தெரியும். பிரசங்கம் சுமார்தான்; சொன்னால் அவரே சிரிப்பார். ஆனால் பாட்டு வேளையில் அவர் கண் மூடி யாரும் பார்த்ததில்லை. "எல்லாரும் கண்ண மூடிகினா மந்தைய யாரு பாக்கறது?" என்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் மஞ்சள்காமாலையில் அவர் மூன்று மாதம் படுத்துவிட்டார். சபை, உதவி ஊழியனான என் பொறுப்பில் இருந்தது. ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் நலம் கேட்பேன். "ஸ்தோத்திரம் பிரதர்" என்பார்கள். நம் ஆட்களுக்குக் காய்ச்சலானாலும் ஸ்தோத்திரம், வீட்டில் சண்டையானாலும் ஸ்தோத்திரம். நானும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லி அடுத்தவர் கையைப் பிடிப்பேன்.

ஐயா தேறி வந்த முதல் ஞாயிறு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"எஸ்தரு ரெண்டு கையும் தூக்கிப் பாடுற பொண்ணு. இன்னிக்கி ஒரு கைதான் தூக்கிச்சு. இன்னா ஆச்சு அதுக்கு?"

"வாரா வாரம் கேட்டேன் ஐயா. ஸ்தோத்திரம்னுதான் சொன்னாங்க."

"அது ஆண்டவருக்குச் சொன்னது. உனக்கு இன்னா சொல்லிச்சு?"

எஸ்தரக்கா கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்தவர். அன்றே பாஸ்டரம்மா அவர் வீட்டுக்குப் போனார். மார்பில் கட்டி, அக்குள்வரை பரவியிருந்தது. மறுநாள் செங்கல்பட்டில் காட்டியபோது, மூன்று மாதம் முன்னால் கூட்டி வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் சத்தம் போட்டார். நான் ஐயாவின் பின்னால் நகர்ந்து நின்றேன். ஐயாதான் சொன்னார்: "என் சபைப் பொண்ணு டாக்டர். நான்தான் பாக்கல." அந்த மூன்று மாதமும் எழுந்து நடக்கவே முடியாமல் கிடந்த மனிதர் அவர்.

அடுத்த வருஷம் எஸ்தரக்கா போய்விட்டார். பாஸ்டர் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று உங்களில் சிலர் பேசினீர்கள், இரண்டு குடும்பம் சபையை விட்டே போனது. ஐயா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. கவனிக்காதவன் நான்தான். அவர் உயிரோடு இருந்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஐயாவின் அடக்கத்தன்று பலர் என் கையைப் பிடித்து, இனி நீங்கள்தான் பாஸ்டர் என்றார்கள். இன்னொரு கையைப் பார்க்காமல் விட்டுவிடுவேனோ என்று பயந்தேன். இத்தனை வருஷம் அவரோடு இருந்து என்னிடம் தங்கியது இந்தப் பயம் ஒன்றுதான். அது போய்விடக் கூடாது என்று ஜெபிக்கிறேன். போன ஞாயிறு ஒருவர் பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். இதை எழுதி முடித்ததும் அவர் வீட்டுக்குப் போகிறேன். என்னவென்று வாய்விட்டுச் சொல்லும்வரை எழுந்து வர மாட்டேன்.