உட்காரக் கூடாத நாற்காலி

போன வாரம் லிங்கராஜபுரத்தில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் நின்றிருந்தேன். ரோட்டோரக் கடையில் ஒரு காரின் உடைந்த பம்பருக்கு ஃபைபர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ரெசின் வாடை இருக்கிறதே, நெயில் பாலிஷைக் குடம் குடமாகக் கொட்டிவிட்டது போல மூக்கில் ஏறும். பக்கத்தில் நின்றவர்கள் துப்பட்டாவையும் கைக்குட்டையையும் தேடினார்கள். எனக்கோ பச்சை விளக்கு விழுந்ததுகூடத் தெரியவில்லை. பின்னால் இருந்த ஆட்டோக்காரர் கன்னடத்தில் ஒன்று சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

கல்லூரியில் கடைசி வருஷம் முழுக்க அந்த வாடையை முடியில் சுமந்துகொண்டுதான் வீட்டுக்குப் போனேன். படித்தது புராடக்ட் டிசைன். மகள் என்ன படிக்கிறாள் என்று சர்ச்சில் யாராவது கேட்டால் அம்மா, "சாமானெல்லாம் எப்படி இருக்கணும்னு படம் போடுறா" என்பாள். பத்துப் பக்கம் எழுதச் சொன்னபோதுகூட நான் அதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

அப்போது இதே லிங்கராஜபுரத்தில்தான் வாடகை வீடு. டாடி பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். அவர் விசில் ஊதினால் மைதானத்தில் பந்துகூட நின்றுவிடும் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள். வீட்டிலும் அதே அதிகாரம்தான். சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்க வைக்காததுதான் பாக்கி. அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன.

மற்ற எல்லாவற்றையும் எப்படியோ பொறுத்துக்கொண்டார். குளியலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அம்மா தண்ணீர் ஊற்றும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். "கதவச் சாத்து, கதவச் சாத்து" என்று கத்துவார். எங்கே சாத்துவது? உள்ளே இரண்டு பேர் நின்றால் கதவு அசையாத அளவுக்குத்தான் அந்தப் பாத்ரூம். கடையில் விற்கிற சக்கர நாற்காலி எதுவும் அதன் வாசலில் நுழையாது.

கடைசி வருஷ புராஜெக்டுக்கு என்ன செய்யப்போகிறோம் என்று வகுப்பில் கேட்டார்கள். ஒருத்தி பாட்டுக்கு ஏற்ப நிறம் மாறும் விளக்கு என்றாள். ஒருவன் டெலிவரி பசங்களுக்கு ஹெல்மெட் என்றான். நான் எழுந்து, "டாடி குளிக்க ஒரு நாற்காலி" என்று சொல்லிவிட்டேன். சிரிப்பு அடங்கக் கொஞ்சம் நேரமானது.

நாற்காலியைக் காலேஜ் வொர்க்‌ஷாப்பில் செய்து, வீட்டில் டாடியை உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் திருத்தினேன். ஒடுக்கமான ஸ்டீல் சட்டம், அதன் மேல் நானே வார்த்த ஃபைபர் இருக்கை. வெளியே உட்கார்ந்து, வலது கையால் சுவரைப் பிடித்துத் தள்ளினால் தானாக உள்ளே உருண்டு போகும். உள்ளே போனதும் இருக்கை குழாயைப் பார்த்துத் திரும்பும். கைப்பிடியை மடக்கினால் கதவைச் சாத்த இடம் கிடைக்கும். பெருமையாகக் காட்டினேன். டாடி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சோப்பு எங்க வைக்கிறது? நீ டிசைன் படிக்கிறவதானே?" என்றார். மறுபடி வார்த்தேன், சோப்புக்கு ஒரு குழியோடு.

அதில் முதல் முதலாக அவர் தனியாகக் குளிக்கப் போன காலை மறக்காது. கதவை மூடியதோடு விடாமல் உள்ளே தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டார். அம்மா பதறிப்போய், "தாப்பா போடாதீங்க!" என்று கதவைத் தட்டினாள். "போடீ" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அம்மா கையில் துண்டோடு நின்றாள். பிறகு சமையலறைக்குப் போய் அழுதாள். வெங்காயம்கூட நறுக்கவில்லை, சாக்குச் சொல்ல.

அடுத்து ஜூரி. கூட்ஸ் ஆட்டோவில் நாற்காலியைக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். வெளியிலிருந்து வந்த நடுவர்களில் ஒருவர் அதில் உட்கார்ந்து குழந்தை மாதிரி இரண்டு சுற்று சுற்றினார். வகுப்பிலேயே முதல் மார்க் எனக்கு. சாயங்காலம் நாற்காலியை எடுக்கப் போனபோது என் புராஜெக்ட் கைடு தடுத்தார்.

"இது இங்கேயே இருக்கட்டும்மா. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வராங்க, டிஸ்ப்ளேல வைக்கணும்."

"சார், டாடிக்கு வேணும் சார். தினம் அதுலதான் குளிக்கிறார்."

"ரூல் அப்படி. காலேஜ் வொர்க்‌ஷாப்ல பண்ணினது காலேஜுக்குத்தான். மோல்டு இருக்கில்ல, இன்னொண்ணு பண்ணிக்கோ. சும்னே எதுக்கு டென்ஷன்?" என்று கன்னடம் கலந்து முடித்தார்.

அச்சைத் தேடி வொர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். அடுத்த பேட்சுக்கு இடம் வேண்டும் என்று எல்லா அச்சுகளையும் உடைத்து அள்ளியிருந்தார்கள். பிரின்சிபால் வரைக்கும் போய்க் கெஞ்சினேன். "உன் பேரைப் போட்டுத்தானே வைக்கிறோம்?" என்றார் அவர். அப்படியே வைத்தார்கள். என் பேர், மேலே ஒரு குட்டி விளக்கு, கீழே சிவப்புக் கம்பளம்.

கண்காட்சி நாளில் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று காலையும் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் அம்மா டாடியைக் குளிப்பாட்டினாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், ஒரு கையில் தடியும் மறு பக்கம் அம்மாவுமாக வந்தார். தூரத்திலேயே பார்த்துவிட்டார். "நம்ம நாற்காலி" என்று சொல்லிக்கொண்டே நேராக அதனிடம் போனார். ஆட்டோவில் வந்த களைப்பு. தடியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வழக்கம்போல வலது கையால் கைப்பிடியைப் பிடித்து உட்காரத் திரும்பினார்.

வாலண்டியர் அட்டை மாட்டியிருந்த ஜூனியர் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். "அங்கிள், ப்ளீஸ், அதுல உக்காரக் கூடாது. எக்ஸிபிட்."

நான் ஹாலின் மறுகோடியிலிருந்து கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தேன். நான் வந்து சேர்வதற்குள் டாடி கையை எடுத்துவிட்டார். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளை அதட்டியவர், அந்தப் பெண்ணிடம், "சரிம்மா. சாரிம்மா" என்று சொல்லி ஒதுங்கி நின்றார். "இவருக்காகத்தான் இதைச் செஞ்சேன்" என்று நான் கத்தியதில் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டாடிக்கு அதுதான் இன்னும் அவமானமாகப் போயிற்று. "வீட்டுக்குப் போலாம் வா" என்றார்.

பிறகு ஒரு வெல்டிங் கடையில் சொல்லி இன்னொன்று செய்தேன். இருக்கை பாதியில் சிக்கிக்கொள்ளும், சக்கரம் துருப்பிடித்தது. "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னாரே தவிர, டாடி அதில் உட்காரவே இல்லை. மறுபடி பிளாஸ்டிக் நாற்காலி, மறுபடி சுவர். அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டார். கல்லூரிக் கண்காட்சியில் அந்த முதல் நாற்காலியைப் பார்த்த ஒரு கம்பெனி எனக்கு வேலை கொடுத்தது. இன்று மிக்ஸி ஜார்களுக்குக் கைப்பிடி வரைகிறேன்.

போன வருஷம் அதே கல்லூரி என்னை நடுவராகக் கூப்பிட்டது. ஒரு மாணவன் முதியோருக்கான ஊன்றுகோல் செய்திருந்தான், விளக்கெல்லாம் எரிந்தது. "யாருக்குப்பா?" என்றேன். சுவரொட்டியில் சிரித்துக்கொண்டிருந்த நரைமுடி வெள்ளைக்காரரைக் காட்டினான். நெட்டில் எடுத்த படம். மார்க் போட்டுவிட்டு, என் நாற்காலி எங்கே என்று ஆபீசில் விசாரித்தேன். பழைய கட்டடத்தை இடிக்கும்போது எல்லாவற்றையும் குஜிரிக்குப் போட்டாயிற்று என்றார்கள். பழைய இரும்புக்காரன் எடை போட்டு எடுத்துக்கொண்டு போனானாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "அந்த மனுஷனே போயிட்டார், நாற்காலிய வச்சு என்ன பண்றது?" என்றாள். நான் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது இன்னும் அதே பூண்டைக் கையில் வைத்திருந்தாள்.

"ஒரு வாட்டி உக்கார விட்டிருக்கலாம்" என்றாள்.