நிங்நிங்குக்குக் கிடைக்காத முப்பது நாள்

கிம்லியன் அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அவர் மேல் இல்லை. அவருக்கு வரவேண்டிய கோபம் வராமலே போனதால், அதையும் சேர்த்து நான் சுமந்துகொண்டு திரிகிறேன்.

கீலுங் துறைமுகத்துக்குப் பின்னால் மேட்டுத் தெருவில் எங்கள் கட்டடம். அவர் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. இரண்டு பேருக்கும் ஒரே தொழில். வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளை எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வோம். காலையில் விடுவார்கள், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் வந்து தூக்கிப் போவார்கள். அக்கா வேலை பார்த்த மீன் டப்பா தொழிற்சாலையை மூடியபோது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. புருஷன் கண்டெய்னர் லாரி ஓட்டி ஓட்டி முதுகு போய்ப் படுத்துவிட்டார். அக்கா இந்தத் தொழிலுக்கு லைசன்ஸ் வாங்கப் போனார். தேர்வில் ரப்பர் பொம்மையைக் குளிப்பாட்டிக் காட்டவேண்டும். "கண்ணை மூடிக்கோ தங்கம், சோப்பு போயிடும்" என்று பொம்மையைக் கொஞ்சிக்கொண்டே நேரத்தைக் கோட்டைவிட்டார். பெயில். இரண்டாம் தடவையும் கொஞ்சினார், கொஞ்சம் வேகமாக.

பதினாறு வருஷத்தில் பதினோரு பிள்ளைகள் அவர் கையில் வளர்ந்து போயின.

பெற்றவர்களோடு நாங்கள் போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. யார் நிறுத்துவதானாலும் முப்பது நாள் முன்னால் சொல்லவேண்டும். எனக்கு அந்த முப்பது நாள், அடுத்த பிள்ளையைத் தேடிக்கொள்ள. அக்காவுக்கு அப்படியில்லை. முதல் வாரம் இடுப்பில் தூக்குவதைக் குறைப்பார். அடுத்த வாரம் மடியிலிருந்து இறக்கி, பாயில் போட்டுத் தட்டித் தூங்கவைப்பார். அப்புறம் தினமும் பால் குடிக்கிற நேரத்தில் ஒரே பேச்சு: "தங்கம் பெரிய பிள்ளை ஆயிட்டா. அதான் புது இடத்துக்குப் போறா. அத்தை இங்கயேதான் இருப்பேன்."

"ஒன்றரை வயசுக்கு இதெல்லாம் புரிஞ்சு, தலையாட்டி, கையெழுத்தும் போட்டுடுமாக்கும்" என்று நான் கிண்டல் பண்ணுவேன்.

"உனக்குத்தான்டி புரியாது. அதுங்களுக்குப் புரியும்."

கடைசி நாளில் அவர் வளர்த்த பிள்ளைகள் கையசைத்துவிட்டுப் போகும். என்னுடையவை படிக்கட்டில் விழுந்து புரண்டு ஊரைக் கூட்டும். சும்மா சொல்லவில்லை, பதினாறு வருஷமாகப் பார்த்தவள் சொல்கிறேன்.

பன்னிரண்டாவதாக வந்தவள் நிங்நிங். இரண்டு மாதத்தில் வந்தாள். பொல்லாத வயிற்றுவலிக் குழந்தை. கீழே போட்டால் வீல் என்று கத்தும். முதல் மூன்று மாதம் அக்கா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் கஞ்சிக் கிண்ணம். ஒரு வருஷம் எட்டு மாதம் அப்படி வளர்த்தார். பெற்றவள் துறைமுகத்தில் சுங்க வேலை எடுத்துச் செய்யும் ஆபீஸில் இருந்தாள். நல்லவள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளையை அரசாங்கக் காப்பகத்தில் சேர்க்கப் பேர் கொடுத்துவைத்திருந்தாள். ஊரில் யார்தான் கொடுக்கவில்லை? காத்திருப்பு வரிசையில் அவளுடைய எண் அறுபத்து நாலு. கூப்பிட்டால் மூன்று நாளில் சேர்த்தாகவேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் எப்போதும் போல வந்து, "தாங்க்ஸ் அக்கா, திங்கக்கிழமை பார்ப்போம்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கைபேசியில் செய்தி வருகிறது: நாளையிலிருந்து நிங்நிங் வரமாட்டாள், மன்னிக்கவும், ஒரு மாதச் சம்பளம் அனுப்பியாச்சு. கீழே ஒரு முயல் படம், தலை குனிந்து கும்பிடுகிற மாதிரி.

அக்கா பெற்றவளுக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"காப்பகம் கிடைச்சது நல்லதும்மா. நான் குறுக்கே நிக்கல. காப்பகம் விட்டதும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கொண்டாந்து விடேன். ஒரு வாரம் போதும். நான் அவகிட்ட சொல்லணும்."

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரேயடியா நிறுத்தினாதான் சீக்கிரம் மறக்கும்னு எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு?"

"அம்மாக்கள் குரூப்ல."

"சரி, ஒரே ஒரு நாள்?"

"அவ மறக்கட்டும் அக்கா. ப்ளீஸ்."

எனக்கு வாயில் நன்றாக வந்தது. அக்கா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். வீடு வீடாக வந்து பார்த்துப் போகும் மேற்பார்வைப் பெண்ணிடம் மறுநாள் நானே புகார் பண்ணினேன். அவள் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "முப்பது நாளுக்கு ஈடாத்தான் சம்பளம் குடுத்துட்டாங்களே, அவங்க மேல தப்பே இல்ல" என்றாள். காகிதத்தில் இல்லைதான். பிள்ளைக்கு யார் என்ன ஈடு கொடுத்தார்கள், அதைச் சொல்லு என்றேன். அவள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. தெருவே மூட்டையும் கையுமாக நின்றது. அந்த நேரம் பார்த்து நிங்நிங் அப்பா வந்தான், பிள்ளையின் சாமான்களை வாங்கிப்போக. கையில் அன்னாசி கேக் பெட்டி. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, என்னைத் திட்டாதீங்க. எனக்கும் மனசு சரியில்ல."

"உன்னை ஏன்டா திட்டப்போறேன்? அவ நல்லா தூங்குறாளா?"

"தூங்குறா... முதல் நாள்தான் கொஞ்சம்..."

"எங்க அவ?"

"வீட்ல."

அக்கா பையை நீட்டினார். பால் புட்டி, மழைச் செருப்பு, நிங்நிங் கடித்துக் கடித்துத் தூங்கும் துண்டு. "இதைத் துவைக்காத. வாசனை போயிட்டா தூங்கமாட்டா" என்றார். அவன் தலையாட்டிக்கொண்டு ஓட்டமாகப் போனான். குப்பையைப் போட நான் தெரு முனை திரும்பிப் போனேன். அங்கே அவர்கள் கார் நின்றது. முன்னால் பெற்றவள். பின் சீட்டில் நிங்நிங், விழித்துக்கொண்டு, கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக் குப்பை வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா நின்ற இடத்துக்கும் அதற்கும் முப்பது அடிகூட இருக்காது. பெற்றவள் என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

நான் இதை அக்காவிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஓடியிருப்பார், அந்தப் பாழாய்ப்போன காருக்குப் பின்னால்.

மூன்று வாரம் கழித்து மழை கொஞ்சம் விட்ட ஒரு காலை. காப்பகத்துப் பிள்ளைகள் கால்வாய் ஓரப் பூங்காவுக்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். நான்தான் அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வருவோம், யார் தலை போகப்போகிறது என்றேன். அந்தப் புத்தியை எதால் அடிப்பது?

டீச்சர் முன்னால் நடக்க, ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாக வந்தன. நிங்நிங் மூன்றாவது. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அக்கா மறைந்து நிற்கத்தான் நினைத்தார், முடியவில்லை. பாதையிலேயே குந்தி உட்கார்ந்து, "தங்கம்" என்றார்.

நிங்நிங் பார்த்தாள். ஓடிவருவாள் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. நன்றாக, நின்று, நேராகப் பார்த்தாள். உதடு இறுகியது. அப்புறம் முகத்தைத் திருப்பி டீச்சரின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, "வேணாம்" என்றாள்.

"தெரிஞ்சவங்களா?" என்று டீச்சர் கேட்டாள்.

"இல்லம்மா" என்றார் அக்கா.

பிள்ளை நகரமாட்டேன் என்று நின்றுவிட்டது. கயிறு நின்றது. பின்னால் வந்த பிள்ளைகளும் நின்றன.

"அத்தையை மறக்கல அவ" என்றேன், ஆறுதல் சொல்கிற மாதிரி.

"மறந்திருந்தா தேவலைடி. நான் அவளை வேணாம்னு சொல்லிட்டேன்னு நினைச்சுட்டிருக்கா."

"நான் இங்க நிக்கிறவரைக்கும் அவ நடக்கமாட்டா" என்று சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் பாலத்தைத் தாண்டிப் போனார். அவர் அந்தப் பக்கம் மறைந்த பிறகுதான் பிள்ளைகள் நடந்தன.